காரைக்குடியின் பழம்பொருள் வீதி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் பல உள. தேக்குத் தூண்கள், எனாமல் பாத்திரங்கள், பீங்கான் சாடிகள், சட்டமிட்ட குடும்பப் படங்கள் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றுட் பல செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து வந்தவையே.

பர்மா வணிகத்தில் செழித்த நகரத்தார் இல்லங்களில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உண்டு; மருமகளின் சீர்ப்பொருள்கள் அதில் பூட்டிவைக்கப்படும். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் வணிகம் சாய்ந்தது. வாரிசுகள் பெருகிப் பல ஊர்களுக்குச் சென்றனர். ஒரு வீட்டிற்குப் பல பங்காளிகள், பேணுவார் இல்லை. பூட்டியிருந்த பொருள்கள் தெருவுக்கு வந்தன. படங்களில் வீற்றிருப்போர் யாரென்று சொல்ல இன்று ஆளில்லை.

சகோதர சகோதரிகளே! நம் வீட்டுப் பரண்களில் இருப்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா? கடனும் வஸிய்யத்தும் நிறைவேறிய பின்னரே சொத்தைப் பங்கிடுமாறு திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் பணிக்கிறது. கடன் எவ்வளவு, எது பிறருடைய அமானிதம் என்பதை மூத்தோர் சொல்லாமல் மறைந்தால் வாரிசுகள் எதை நிறைவேற்றுவர்?

ஆகவே, வீட்டை ஒழுங்குசெய்கையில் புழங்காதவற்றை ஏழைகளுக்கு ஈயுங்கள். இரவல் பொருளை உரியவரிடம் சேருங்கள். பத்திரங்களையும் கடன் கணக்கையும் ஒரே பெட்டியில் வையுங்கள். படங்களின் பின்புறம் பெயரும் ஊரும் எழுதுங்கள். வல்ல அல்லாஹ் துணைபுரிவானாக!