ஆக்கமும் ஆக்கியோரும்

நூலை நூலாசிரியனின் நடத்தையிலிருந்து பிரித்தே மதிப்பிடவேண்டும் என்று உயர்தர வகுப்பில் நாம் கூறிவருவது வழக்கம். சென்ற தவணையில் மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியெண்டால் லினக்ஸையும் அப்படித்தான் பார்க்க வேணுமோ, ரீச்சர்?" என்று கேட்டாள். உடனே விடைகூற எம்மால் இயலவில்லை.

1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்தது லினக்ஸ். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அண்ட்ரொய்ட் தொலைபேசிகள் யாவும் அதன்மீதே இயங்குகின்றன. பல்லாயிரவரின் கூட்டுழைப்பு அது. ஆனால், பிழைவிட்ட சக உழைப்பாளரைப் பலர் காணக் கடுஞ்சொல்லால் ஏசுவது அப்பணியின் தலைவருக்கு வழக்கமாயிருந்தது. 2013இல் பொறியியலாளர் ஒருவர் இதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அங்கு நிலவிய முரட்டுப் பேச்சைக் காரணங்காட்டித் தாம் விலகிவிட்டதாக 2015இல் அறிவித்தார்.

"பொருள் நன்று; ஏச்சைப் பற்றி நமக்கென்ன?" என்பார் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஏழைப் பாடசாலையொன்று விலையின்றிப் பெறும் கருவியைத் தலைவரின் வாய்க்குற்றத்துக்காக வீசியெறிதல் அறமாகாது.

ஆயினும் நூலுக்கும் மென்பொருளுக்கும் ஒரு வேறுபாடுண்டு. நூல் எழுதி முடிந்தது. ஆசிரியன் மறைந்தபின்னும் ஓரெழுத்தும் குறையாது நிற்கும். மென்பொருளோ என்றும் முடியாதது. நாள்தோறும் அதன் பிழைகளைக் களையவேண்டும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கவேண்டும். ஏச்சுக்கஞ்சி ஒருவர் விலகினால், அவர் களைந்திருக்கக்கூடிய பிழை அதனுள்ளேயே தங்கிவிடலாம். ஆகவே, இங்கு நடத்தை பொருளுக்குப் புறம்பானதன்று. நிரலைப் பிரதிசெய்ய உரிமம் இடந்தரும். உழைப்பாளரைப் பிரதிசெய்ய எவ்வுரிமத்தாலும் இயலாது.

2018 செப்டெம்பரில் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கோரிச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். ஒழுக்கக்கோவையொன்றும் அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதனால் லினக்ஸ் குன்றிவிடவில்லை, இன்றும் வளர்கிறது. ஏச்சின்றித் தரமில்லை என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது.

"பாவிப்போம், பிள்ளை, ஆனால் உழைப்பவரின் மானத்துக்காகக் கேள்வி கேட்பதையும் விடோம்" என்று மறுநாள் அவளுக்கு விடை கூறினோம். அவள் திருப்தியுடன் அமர்ந்தாள். எமக்கோ திருப்தியில்லை. கட்டுரைக் கொப்பியில் பிழைவிட்ட பிள்ளைகளை வகுப்பு முழுவதும் கேட்க நாம் ஏசிய நாட்கள் நினைவில் எழுந்தன. அவர்களுள் எத்தனை பேர் அதன்பின் கையுயர்த்தாமலே பாடசாலையை விட்டுச் சென்றனர்?