ஈயக் குட்டைக் கரையில் கணினிப் படிப்பு

ஈப்போவிலிருந்து கம்பாருக்குப் பழைய சாலையில் போனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கோப்பெங் தாண்டியதும் இடப்பக்கம் மலை கூடவே வரும். வலப்பக்கம் குட்டை குட்டையாகத் தண்ணீர். புதிதாக வருபவர்கள் ஏரி என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். எல்லாம் ஈயம் தோண்டிய குழிகள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்ததும் கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. பிழைப்புத் தேடி ஊர்ப் பிள்ளைகள் வெளியே போனார்கள்.

இப்போது பிள்ளைகள் கம்பாருக்கு வருகிறார்கள். 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இந்தக் குட்டைகளுக்கு நடுவே திறந்தது. புதிய நகர்ப் பக்கம் வாடகை அறை, நகலெடுக்கும் கடை, களிமண் சட்டிக் கோழிச்சோறு என்று எல்லாமே மாணவர்களை நம்பித்தான் ஓடுகிறது.

என் சின்னம்மா மகள் அங்கே கணினி அறிவியல் படிக்கிறாள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் நான், ஊடகப் படிப்பு. எனக்குக் கணக்குப் பாடமே இல்லை. அவளுக்கு முதல் ஆண்டிலிருந்தே கணக்குத்தான். கணினி தட்டத் தெரிவது வேறு, கணினி அறிவியல் வேறு. எஸ்பிஎம் முடிவு வரும் வாரத்தில் வானொலிக்கு அழைக்கும் பெற்றோரில் பாதிப்பேர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைக்கிறார்கள்.

ஆனால் பாட்டிக்குப் புரிந்துவிட்டது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் நாளுக்கு 400, 500 மரம் சீவியவர். பேராக்கின் முதல் ரப்பர் கன்றுகள் 1877இல் ஊன்றப்பட்ட கோல கங்சார் அங்கிருந்து தூரமில்லை. அந்தத் தோட்டம் இப்போது செம்பனை.

"மெஷினுக்கு என்னத்தடி சொல்லிக் குடுக்குற?"

"செய்ய வேண்டியத வரிசையா எழுதணும் பாட்டி. ஒண்ணு விட்டாலும் தப்பாப் போயிரும்."

"புது ஆளுக்கு மரம் சீவக் கத்துக் குடுக்குற மாதிரின்னு சொல்லு. காஞ்ச பால உரி, பட்டைய மெல்லிசா சீவு, மரத்துல காயம் படக்கூடாது, மங்க வை, அடுத்த மரத்துக்குப் போ. மழை வந்தா நிறுத்து."

நிரை முடியும்வரை திரும்பத் திரும்பச் செய். இடையில் ஒரு நிபந்தனை. நிரல் எழுதுவதன் அரிச்சுவடியே இதுதான் என்றாள் தங்கை. என் நிகழ்ச்சிக் குறிப்புகளை நான் முரசு அஞ்சலில் தட்டுகிறேன். அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அதன் உள்ளேயும் இப்படி வரிசை வரிசையாகக் கட்டளைகள்தாமே என்று அன்றுதான் தோன்றியது.

அரிச்சுவடிக்குப் பிறகுதான் சிக்கல். இரண்டாம் ஆண்டில் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் அவள் தேறவில்லை. பத்தாயிரம் பெயர்களை எப்படி அடுக்கினால் ஒரு பெயரைச் சட்டென்று எடுக்கலாம் என்பது போன்ற பாடம். கேட்க எளிது. மறுபடி எடுத்தால் மறுபடி கட்டணம். தேர்ச்சி குறைந்தால் பிடிபிடிஎன் கடனுக்கும் ஆபத்து. சித்தப்பாவுக்குப் பாதுகாவலர் வேலை, இரவு முறை. ஈப்போவில் ஒரு கடையில் சரக்குக் கணக்கைக் கணினியில் பதியும் வேலை இருக்கிறது, வந்துவிடு என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாதம் பிறந்தால் சம்பளம்.

எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பதியும் வேலையைத்தான் இவள் படிக்கும் படிப்பு முதலில் தின்னப்போகிறது. அதைச் சொன்னேன். குட்டைக் கரையில் உட்கார்ந்து கச்சாங் பூத்தேயைக் கொறித்துக்கொண்டே இருந்தாள்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பதியலாம்க்கா," என்றாள் கடைசியில்.

வெள்ளிக்கிழமை மாலை நான் ஒலிபரப்பில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாடப் பதிவுச் சீட்டு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம், பாட்டியிடம் சொல்லிவிட்டாளாம்.