பாட்டுக்கு அடியில்

டிவிடியாக மாற்றித் தரச் சொல்லி யாராவது பழைய விஎச்எஸ் வீடியோ கேசட்டைக் கையில் தந்ததும் முதலில் மோந்து பார்ப்பேன். பாச்சை உருண்டை வாசம் அடித்தால் நிம்மதி. நனைந்த சாக்கு வாசம் அடித்தால் அன்றைக்கு அது டெக்குப் பக்கமே போகாது. வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் பத்மநாபபுரம். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. ஓட்டு வீட்டு மர அலமாரியில் 30 வருஷம் கிடந்த நாடாவில் பூசணம் பூக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

டார்ச் அடித்துப் பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் சுண்ணாம்பு தடவியதுபோலத் தெரியும். அதை அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் அப்பிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல கேசட்டையும் பிடிக்கும். எனவே அடியில் இருக்கும் ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி, முகமூடி கட்டிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து மெல்லிய துணியால் துடைத்துக் கையாலேயே சுற்றுவேன். அரை அங்குல அகலம்தான். ஆனால் மூன்று மணி நேரக் கேசட்டில் 250 மீட்டருக்கு மேல் இருக்கும். முதுகு சொல்லிவிடும் அந்தக் கணக்கை.

ஹெட்டைத் துடைக்கப் பஞ்சு ஆகாது; இழை மாட்டிக்கொள்ளும். வெள்ளைத் தாளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் பொருத்திய உருளைமேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை விரலால் சுற்ற வேண்டும். தாளை மேலும் கீழும் இழுத்தால் ஹெட் போச்சு. போனால் புதிது வாங்க வழியில்லை. கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. என்னிடம் ஓடுவது ஒன்று. அதற்கு உதிரி கொடுக்க உயிர் விட்டவை மூன்று.

கம்ப்யூட்டர் பக்கம் ஒரு பைசா செலவில்லை. டெக்கிலிருந்து வரும் படத்தை வாங்க வெர்ச்சுவல்டப், டிவிடிக்கு ஏற்றபடி மாற்ற எஃப்எஃப்எம்பெக், சத்தத்தைச் சீராக்க ஆடசிட்டி, மெனு போட்டுத் தட்டில் எழுத டிவிடிஸ்டைலர். எல்லாமே யாரோ எழுதி ஊருக்கெல்லாம் இலவசமாகத் தந்தவை. நாம் போட வேண்டிய முதல் நேரம் மட்டும்தான். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம். குறுக்கு வழி கிடையாது.

சில பழக்கங்களை அடிபட்டுக் கற்றேன். முதல் பிரதியைச் சுருக்காமல் எடுக்க வேண்டும். ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாத முறையில் ஒரு மணி நேரம் சுமார் 30 ஜிபி தின்னும், தின்னட்டும். கசங்கிய நாடாவில் படம் துள்ளும்போது மலிவான யுஎஸ்பி கருவி சில ஃப்ரேம்களை விழுங்கிவிடும். மேளக்காரர் கை ஓய்ந்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கும். நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றைக் கோத்துவிட்டால் அது படத்தின் நடையை நேராக்கிக் கொடுக்கும். நம் ஊர் டிவி முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி. அந்தப் பாதிகளை டிவிடியில் அப்படியே விட்டுவிட வேண்டும். போனில் பார்க்கக் கேட்பவர்களுக்கு மட்டும் பிரித்து 50 ஆக்கித் தருவேன். படத்தின் அடியில் நெளியும் கோடு எல்லா கேசட்டிலும் உண்டு. அதை வெட்டப் போனால் மணமகளின் கால் மெட்டியும் சேர்ந்து போகும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு கேசட் எனக்குப் பாடம் நடத்தியது.

எங்கள் ஊர்க் கோட்டைக்குள்ளிருந்து ஒரு அக்கா அதைக் கொண்டுவந்தார். 1991-ல் அவருடைய மூத்த சகோதரியின் கல்யாணம். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த சித்தப்பா தன் காமிராவில் எடுத்தது. பிறகு அவரே டெக்கில் ‘ஆடியோ டப்’ பட்டனை அழுத்தி, முழுக்க சினிமாப் பாட்டாகப் போட்டுவிட்டாராம். 30 வருஷமாகப் பாட்டோடுதான் பார்க்கிறார்கள்.

நான் ஓடவிட்டேன். பந்தி வந்தது. பாட்டு வரவில்லை. இலை விரிக்கும் சலசலப்பும் வாளி நங்கென்று வைக்கும் சத்தமும்தான்.

“பாட்டக் காணலியே தம்பி, கேசட்ட கெடுத்திட்டியளா?” என்றார் அக்கா.

எனக்கும் வியர்த்தது. நிறுத்தப் போனேன். அதற்குள் திரைக்கு வெளியேயிருந்து ஒரு குரல்: “போளிக்கு மேல பாயசம் ஊத்து பிள்ளே, மாப்பிள வீட்டாளுவ இருக்கில்லா.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நில்லுங்க. இது எங்க அம்மைக்க சத்தம்லா.”

நடந்தது என்னவென்று பிறகு பிடிபட்டது. இந்த நாடாவில் சத்தத்துக்கு இரண்டு இடம் உண்டு. விளிம்பில் ஓடும் மெல்லிய கோடு ஒன்று; சாதாரண டெக்குகள் அதை மட்டும்தான் வாசிக்கும். 1980-களின் நடுவிலிருந்து ஹை-ஃபை கருவிகளும் வந்தன. அவை சுழலும் உருளையிலுள்ள ஹெட்டாலேயே சத்தத்தை நாடாவின் ஆழத்தில் பதித்து, அதன்மேல் படத்தைப் பதிக்கும். ‘ஆடியோ டப்’ பட்டன் விளிம்புக் கோட்டை மட்டுமே அழிக்கும். ஆழத்தில் இருப்பதைத் தொட வேண்டுமானால் படத்தையும் அழித்தாக வேண்டும். சித்தப்பாவின் காமிரா ஹை-ஃபை. வீட்டு டெக் சாதாரணம். பாட்டுக்கு அடியில் கல்யாண வீடு முழுக்க அப்படியே பேசிக்கொண்டிருந்திருக்கிறது, கேட்கத்தான் கருவி இல்லை.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். 1956-ல் ஊர் தமிழகப் பக்கம் சேர்ந்தது. ஊரிலிருக்கும் அரண்மனை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் கையில். ஒரே மண்ணில் இரண்டு சர்க்கார் இருக்கலாமென்றால் ஒரே நாடாவில் இரண்டு சத்தம் இருக்கக் கூடாதா?

பாட்டை விட்டுவிட்டு அசல் சத்தத்தை மட்டும் எழுதித் தருகிறேன் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“பாட்டையும் எடுத்திராதீங்க தம்பி. அது சித்தப்பா ஒக்காந்து போட்டதுல்லா. அவரும் இப்ப இல்ல.”

அழிக்க வந்ததென்று நான் நினைத்த பாட்டும் அந்த வீட்டுக்கு ஒரு ஆளின் கைவேலை. எது அசல், எது மேல்பூச்சு என்று பிரிக்க நான் யார்?

கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன், இந்தத் தடவை விளிம்புக் கோட்டுக்காக. இரண்டு ஓட்டமும் ஒன்றுபோல வராது. பாட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் படத்தோடு பொருத்த இரண்டு ராத்திரி ஆனது. டிவிடியில் ஒரே படத்துக்கு எட்டு ஒலித்தடம் வரை வைக்கலாம். எனக்கு இரண்டு போதும். முதலாவது சித்தப்பா, இரண்டாவது அம்மை. மெதுவான வேகத்தில் தட்டில் எழுதி, முழுக்க ஓட்டிப் பார்த்து, ஹார்டு டிஸ்கிலும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். நம் ஊர் ஈரத்துக்குத் தட்டும் நிரந்தரமில்லை.

அதிலிருந்து எந்தக் கேசட் வந்தாலும் டெக்கின் ஹை-ஃபை சுவிட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குகிறேன். பெரும்பாலும் இரண்டிலும் ஒரே சத்தம்தான்.

டிவிடியைக் கொடுத்த மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து போன். வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களாம். ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று கேட்டார்.