இசைக் குழு எங்ஙனம் உருவாகிறது?

பங்குகளில் பணிபுரியும் குருக்களிடம் இளைஞர்கள் அடிக்கடி கொண்டுவரும் வேண்டுகோள் ஒன்று உண்டு. “சாமி, நம்ம பங்குக்கு ஓர் இசைக் குழு வேண்டும்” என்பதே அது. கூடவே ஒரு பட்டியலும் வரும்: கீபோர்டு ஒன்று, கித்தார் ஒன்று, டிரம் செட், நான்கு மைக், இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் கிராமத்துப் பங்குகளில் பல ஆண்டுகள் உழைத்த நமக்கு இப்பட்டியல் மனப்பாடம் ஆகிவிட்டது.

பட்டியலில் உள்ளவற்றை நல்ல மனம் படைத்த ஒருவரின் உதவியால் வாங்கிவிடலாம். வாங்கியும் இருக்கிறோம். ஆனால், இரண்டு திருவிழாக்கள் முடிந்ததும் அக்கருவிகள் உறைக்குள் உறங்கியதையும் கண்டிருக்கிறோம். கருவிகள் சேர்ந்தால் குழு சேர்ந்துவிடாது. மனிதர் சேர வேண்டும். எந்த மனிதர், யாருடன், எந்த இடத்தில் சேருவது என்பதில்தான் குழுவின் உயிர் இருக்கிறது.

இதனை விளக்க, வாசகர்களைச் சற்றுத் தொலைவில் உள்ள அயர்லாந்து நாட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அந்நாட்டு இசை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) தம் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தார். அக்காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகள் அவர் செவியில் விழுந்தன. அவற்றுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவையே ‘நோட்டுஸ்வரம்’ எனப்படுகின்றன. அவற்றுள் ‘வந்தே மீனாக்ஷி’ என்னும் உருப்படியின் மெட்டு, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மாலோ என்னும் ஊரின் பெயரால் வழங்கும் பழைய ஆட்டப்பாட்டின் மெட்டேயாகும். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வெள்ளையர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார். ஆக, இரு நாட்டு இசையும் 200 ஆண்டுகளுக்கு முன்பே கைகுலுக்கிக்கொண்டன.

அதே கார்க்கில் 1931ஆம் ஆண்டு பிறந்தவர் ஷான் ஓ ரியடா. அவர் மேனாட்டுச் சாஸ்திரிய இசையை முறையாகப் பயின்றவர். டப்ளின் நகரின் புகழ்பெற்ற ஆபி நாடக அரங்கில் இசை இயக்குநராக இருந்தவர். 1959இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்துக்கு, நாட்டுப்புறப் பாடல்களைக் கொண்டு அவர் அமைத்த இசை, நாடெங்கும் அவர் பெயரைப் பரப்பியது. நெடுங்காலம் ஆங்கிலேயர் ஆட்சியில் கிடந்து, தம் தாய்மொழியையே பெரும்பாலும் இழந்துவிட்ட மக்கள், தம் பாட்டனின் பாட்டைப் பெரிய இசையரங்கின் குரலில் கேட்டபோது கண்கலங்கினர்.

ஆனால், ஓ ரியடா அத்துடன் நிறைவு கொள்ளவில்லை. கிராமத்து அடுப்பங்கரைகளிலும் மதுக்கடைகளிலும் வாசித்து வந்த கலைஞர்களையே 1960இல் ஒரு குழுவாகக் கூட்டினார். முழங்கையால் துருத்தியை அமுக்கி ஒலிக்கச் செய்யும் பைக்குழல், பிடில், புல்லாங்குழல், அக்கார்டியன் ஆகியவை அதில் இடம்பெற்றன. எல்லாரும் ஒரே மெட்டை ஒருசேர வாசிக்கும் பழக்கத்தை மாற்றி, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கேட்டிருக்கவும், பின் இருவராய் மூவராய் இணையவும் அவர்களைப் பழக்கினார். அக்குழுவில் இருந்த பைக்குழல் கலைஞர் பேடி மலோனி, 1962இல் ‘தி சீஃப்டன்ஸ்’ என்னும் குழுவைத் தொடங்கி, அந்த இசையை உலகெங்கும் கொண்டுசென்றார்.

இந்தக் குழுவில் ஓ ரியடா சேர்த்த ஒரு கருவியே நம் கருத்தை மிகவும் கவர்கிறது. ‘பௌரான்’ என்பது அதன் பெயர். முறம் அளவுள்ள வட்ட மரச்சட்டம். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், புனித ஸ்தேவானின் திருநாளன்று, வேடமிட்ட இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று அதனைத் தட்டிக் காசு கேட்பர். மற்ற நாள்களில் அது சுவரில் தொங்கும். படித்தவர் அதனை ஓர் இசைக்கருவியாகவே எண்ணியதில்லை. அத்தகைய தோல் கருவியை நாட்டின் சிறந்த இசையரங்கில் தம் கையாலேயே வாசித்தார் அந்த இசைப் புலவர். இன்று அயர்லாந்து இசை என்றாலே பௌரானின் ஒலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1963இல் அவர் நகர வாழ்வைத் துறந்து, தம் குடும்பத்துடன் கார்க் மாவட்டத்து மலைச்சரிவில் உள்ள கூலே என்னும் சிற்றூரில் குடியேறினார். அவ்வூர் மக்கள் அயரிய மொழியைப் பேச்சில் காத்து வந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டது. மக்களின் தாய்மொழிக்கு வழி திறந்தது. ஒவ்வொரு மக்களினத்தின் இசை மரபுக்கும் உரிய மதிப்பளிக்கப் பணித்தது. ஓ ரியடா அவ்வூர் ஆண்களைக் கூட்டி ஒரு பாடகர் குழு அமைத்தார். அவ்வூர்ப் பாட்டின் நெளிவு சுழிவுகளையே அடித்தளமாகக் கொண்டு திருப்பலிக்கு இசை அமைத்தார். அவர் 1971இல் தம் 40ஆம் வயதில் மறைந்தார். ஆயினும் குழு கலையவில்லை. அவருடைய மகன் அதனை ஏற்று நடத்தினார். குழு ஒரு தனிமனிதரின் புகழில் நிற்காமல் ஊரின் குரலில் நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் ஊருக்குத் திரும்புவோம். சங்கத்தின் அதே காற்று நம் பகுதியிலும் வீசியது. தமிழகத் திருச்சபையின் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டுப் பணிகளுக்கான நடுநிலையம் நம் திண்டிவனத்தில்தான் எழுந்தது. நம் மறைமாவட்டத்துக் கல்லேரியில் பிறந்த அருள்திரு அமலோற்பவதாஸ் அடிகளார், 1967இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற தேசிய நிலையத்தின் தலைவராகி, இந்திய முறை வழிபாட்டுக்குப் பெருந்தொண்டு புரிந்தார். குத்துவிளக்கும் ஆரத்தியும் பஜனையும் நம் பீடத்தருகே வந்தன. அது பெரிய பேறு. எனினும், வந்தவற்றுள் பெரும்பாலானவை உயர்குலத்தார் என்று எண்ணப்பட்டோரின் மரபிலிருந்தே வந்தன. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பறையும் பல ஆண்டுகள் வாசலுக்கு வெளியிலேயே நின்றன.

பறையும் பௌரானும் உடன்பிறந்தவை போன்றவை. பறைக்கும் வட்டமான மரச்சட்டம். ஒரே பக்கம் தோல். புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களிலும் பறையைச் சேர்த்து எண்ணுகிறது. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். இத்துணைப் பழம்பெருமை உடைய கருவியைச் சாவு மேளமாக்கி, அதை அடிப்பவரைத் தீண்டத்தகாதவராக்கியது நம் சமுதாயம். பௌரானைச் சுவரில் மாட்டியது வெறும் அசட்டை. பறையை ஒதுக்கியதோ சாதி. இந்நோய் திருமுழுக்குத் தண்ணீரில் கரைந்துவிடவில்லை என்பதை, 2008 மார்ச்சில் எறையூரில் இரு உயிர்கள் பலியானபோது நம் மறைமாவட்டம் கண்ணீரோடு உணர்ந்தது.

ஆகவே, பறையைக் கோயிலுக்குள் கொண்டுவருவது எளிய செயலன்று. நாம் பணிபுரிந்த பங்கு ஒன்றில் இளைஞர் சிலர் இதற்கு முன்வந்தனர். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா அவர்கள் உருவாக்கிய ‘சக்தி கலைக்குழு’வைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருந்தனர். ஆண்கள் மட்டுமே அடித்து வந்த பறையைத் தலித் இளம்பெண்கள் இடுப்பில் சலங்கை கட்டியதுபோன்ற மிடுக்குடன் மேடையேற்றி, இழிவின் சின்னத்தை மானத்தின் சின்னமாக்கிய குழு அது. நம் இளைஞர்களும் ஊரில் பறை அறிந்த முதியவரைத் தேடிச் சென்றனர். நாமும் உடன் சென்றோம்.

அவர் சொன்ன பதில் இது: “சாமி, எங்கப்பனும் நானும் ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்சோம். அடிச்சு முடிச்சா வாசலுக்கு வெளியே நின்னுதான் கூலி வாங்கணும். எம் பசங்க இதைத் தொடக் கூடாதுன்னுதான் எறவாணத்துல சொருகி வச்சேன். இப்ப நீங்களே எடுக்கச் சொல்றீங்களே!”

அதில் இருந்த நியாயத்தை எவர் மறுக்க இயலும்? பறையை அடித்து விடுதலை பெற்றவரும் உண்டு. அதனைக் கீழே வைத்து விடுதலை பெற்றவரும் உண்டு. இருவரையும் மதிக்கவேண்டும். நாம் வற்புறுத்தாமல் திரும்பினோம். இரு வாரங்களுக்குப் பின் அவரே வந்து ஒரு நிபந்தனை விதித்தார். “எம் பசங்க மட்டும் அடிக்கிறதுன்னா வேணாம். எல்லாத் தெருப் பசங்களும் தோள்ல மாட்டணும். அப்படின்னா நான் கத்துக்குடுக்கிறேன்.”

குழு உருவான நேரம் அதுவே என்போம். ஒத்திகை வாரம் ஒரு தெருவில் என முடிவாயிற்று. பாடகர் குழுவில் பல ஆண்டுகள் பாடிய சிலர், அன்றுதான் முதன்முறையாக அந்த முதியவரின் தெருவுக்குள் கால் வைத்தனர். அவர் வீட்டுத் தேநீரைக் குடித்தனர். ஒரு குடும்பம் மட்டும் தம் மகனை அனுப்ப மறுத்துவிட்டது, இன்றுவரை அனுப்பவில்லை. நடவுப் பாட்டு அறிந்த தாய்மார் இருவர் மெட்டுத் தந்தனர். ஆர்மோனியம் வாசிப்பவர் அதற்கேற்பத் தம் சுருதியைத் தாழ்த்திக்கொண்டார். முதியவர் பறையைத் தோளில் மாட்டவில்லை. ஓரமாய் அமர்ந்து கைத்தாளம் போட்டே கற்றுக்கொடுத்தார்.

முதல் அரங்கேற்றம் பாஸ்கா திருவிழிப்பில் நடந்தது. தோல் இறுகுவதற்காகப் பறையை நெருப்பில் காய்ச்சுவது வழக்கம். புதுத்தீ மந்திரிக்கப்பட்ட இரவில், கோயில் திடலின் ஓரத்தில் இளைஞர்கள் வைக்கோல் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சினர். இஸ்ரயேல் மக்கள் செங்கடலைக் கடந்த வரலாறு அன்றிரவு வாசிக்கப்படுகிறது. அதன் தொடர்ச்சியில், அடிமைத்தனத்தினின்று மீண்ட மிரியாமும் பெண்களும் கைப்பறை கொட்டி ஆடினர் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. ‘உன்னதங்களிலே’ தொடங்கி மணிகள் ஒலித்தபோது பறைகளும் முழங்கின. ஊரில் சாவை அறிவித்த அதே ஓசை, சாவை வென்றவரை அறிவித்தது.

இசைக் குழு வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களுக்கு இப்போது நாம் கூறுவது இதுதான்: பட்டியலைச் சற்றுத் தள்ளி வையுங்கள். உங்கள் ஊரில் யாருடைய பாட்டு இதுவரை கேட்கப்படவில்லை என்று விசாரியுங்கள். அவர் வீட்டுக்கு நடந்து செல்லுங்கள். அவர் தயங்கினால் காரணத்தைக் கேளுங்கள். நிபந்தனை விதித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பறையைத் தோளில் மாட்டி வந்தால் முகம் சுளிக்காதீர்கள். கீபோர்டு பின்னால் வரட்டும். கடையில் அது எப்போதும் கிடைக்கும். எறவாணத்தில் சொருகிய பறையும் அதன் அடவுகளை அறிந்த கைகளும் எப்போதும் கிடைக்கமாட்டா. அக்கைகள் ஓய்வதற்குள் அவற்றின் அருகே சென்று அமரும் அருளை இறைவன் நம் பங்குகளுக்கு அளிப்பாராக.