தொட்டுப் பார்த்தால் தெரியும்

மிச்சிகனில் இருக்கும் என் மாப்பிள்ளையிடம் 1970களில் வந்த பிக்கப் லாரி ஒன்று இருக்கிறது. போன குளிர்காலத்தில் அதன் ஹீட்டர் வெறும் குளிர்காற்றைத்தான் ஊதியது. அந்த ஊரில் ஹீட்டர் சொகுசு இல்லை. கண்ணாடியில் உறைபனி விலகாவிட்டால் பாதையே தெரியாது. அதில்தான் பேரப்பிள்ளைகளும் போகிறார்கள்.

டாஷ்போர்டைப் பிரித்து ஹீட்டர் கோரையே மாற்ற வேண்டும் என்றார்களாம். பெரிய செலவு. "பழுதைக் கண்டுபிடிக்காமல் சாமானை மாற்றாதே" என்பார் எங்கள் அலுவலக ஜீப் டிரைவர். அதையே மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

ஹீட்டர் கோர் என்பது ஒரு சின்ன ரேடியேட்டர். இன்ஜினின் சுடுநீர் ஒரு ஹோஸ் வழியாக உள்ளே போய் இன்னொன்றில் திரும்பும். இன்ஜின் சூடானதும் இரண்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சுட்டால் கோளாறு காற்று வரும் வழியில். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் கோரில் அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தண்ணீர் குறைவு, அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டது.

மாப்பிள்ளை வண்டியில் தெர்மோஸ்டாட்தான். சில்லறைச் செலவில் முடிந்தது.

ஏசிக்கும் இதே கதை. கேஸ் தானாகத் தீராது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் காசுதான் ஆவியாகும். அந்தக் காலத்து ஆர்-12 கேஸ் தயாரிப்பு அமெரிக்காவில் 1995 கடைசியோடு நின்றுவிட்டது. ஆர்-134ஏ-க்கு மாறுவதானால் அதற்கேற்ற ஆயிலும் வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.