கொப்பியில் இருக்கும் கேக்

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது ஆண்டுகூட நிறையாத ஆட்சி. ஆயினும் அவர்களுடைய சொற்கள் எங்கள் வீடுகளை விட்டுப் போகவில்லை. சமையலறையைக் குசினி என்கிறோம். ரொட்டியைப் பாண் என்கிறோம். அந்தப் பாண் வேகும் பெரிய அடுப்பைப் போறணை என்கிறோம். வீட்டில் அவண் இல்லாத காலத்தில், மார்கழி பிறந்ததும் கத்தோலிக்க வீட்டுப் பெண்கள் கேக் தட்டுகளைத் துணியால் மூடிப் போறணைக்குக் கொண்டுபோவார்கள். பாண் எடுத்த பிறகு எஞ்சியிருக்கும் சூடு கேக்குக்குப் போதுமானது.

எங்கள் நத்தார்க் கேக்கில் மாவைவிட ரவையே முக்கியம். அதை இளஞ்சூட்டில் வறுத்துப் பட்டருடன் கலந்து சில மணிநேரம் ஊறவிட வேண்டும். ஊறிய ரவை ஈரத்தைப் பிடித்துவைப்பதால் கேக் வாரக்கணக்கில் காய்ந்துபோகாது. பிறகு கஜு, முட்டை மஞ்சட்கரு, நீத்துப்பூசணிக்காயைச் சீனிப்பாகில் காய்ச்சி எடுத்த துண்டுகள், இஞ்சிப்பாகு, பிராந்தியில் ஊறிய பிளம்ஸ், பன்னீர். அடி கருகாதிருக்கத் தட்டில் நான்கைந்து அடுக்குப் பத்திரிகைத் தாளும் அதன்மேல் எண்ணெய்த்தாளும் விரிப்பார்கள்.

அம்மா 2019இல் காலமானார். அவருடைய கேக் குறிப்பு ஓர் அப்பியாசக் கொப்பியில் என்னிடம் இருக்கிறது. பக்கத்தின் மேற்பகுதியில் அம்மம்மா சொன்ன அளவுகள்: ரவை அரை இறாத்தல், பட்டர் அரை இறாத்தல், கஜு ஒரு இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், மஞ்சட்கரு 12. அதற்குக் கீழே, வருடவாரியாக, அந்தந்த ஆண்டு உண்மையில் சேர்த்தவற்றை அம்மா எழுதிவந்திருக்கிறார்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய்க்கு அலைந்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரி வைத்த விளக்கில்தான் நாங்கள் படித்தோம். கொப்பியின் வரிகளும் அந்த ஆண்டிலிருந்து மாறத் தொடங்குகின்றன. 1990: பட்டர் இல்லை, மாஜரின். 1991: கஜு இல்லை, கச்சான். 1992: சீனி பாதி, பனங்கட்டி பாதி. 1993: முட்டை 4, பிளம்சுக்குப் பதில் பப்பாசிக்காய். 1994: போறணை இல்லை. அந்த வருடம் பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடியின்மேல் சிரட்டைத் தணல் கொட்டி அம்மா கேக்கை வேகவைத்தார். ஒருபக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் வந்த அந்தக் கேக்கை அயலில் எட்டு வீடுகளுக்குப் பகிர்ந்தோம்.

1995 என்ற எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஒக்டோபர் 30ஆம் தேதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அந்த நத்தார் எங்களுக்குத் தென்மராட்சியில், பாடசாலை வகுப்பறையொன்றில் கழிந்தது. கேக் செய்யாத ஆண்டுக்கும் அம்மா ஒரு வரியை ஒதுக்கியிருக்கிறார்.

அண்ணன் 1989இல் கனடா போய்விட்டார். அவருக்குத் தெரிந்தது கஜுவும் பிராந்தியும் நிறைந்த கேக். தங்கை 1985இல் பிறந்தவள். அவள் நினைவில் இருப்பது கச்சானும் பனங்கட்டியும் கலந்த கரிய கேக். அம்மா இறந்த ஆண்டில், அண்ணன் விரும்பியபடி அம்மம்மாவின் அளவில் செய்து, பயணம் போனவர்களிடம் இருவருக்கும் கொடுத்தனுப்பினேன். “இதுதான் அம்மாவின்ர கேக்” என்று அண்ணன் தொலைபேசியில் குரல் தழுதழுத்தார். பாரிசிலிருந்து தங்கை சொன்னாள்: “நல்லா இருக்கு அக்கா. ஆனா இது அம்மாவின்ர இல்லை.” அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. பஞ்சத்தில் செய்ததையெல்லாம் அம்மாவின் பெயரில் சொல்லக்கூடாது என்றார். தங்கை அதைக் கேள்விப்பட்டு ஒரு மாதம் அவருடன் பேசவில்லை. அவர்கள் பேச்சு கேக்கைப் பற்றியது மட்டுமல்ல என்பது எனக்கு விளங்கியது. ஒருவருடைய அம்மாவை மற்றவர் அறியவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. அந்த மார்கழியில் யாழ்ப்பாணக் கடைகளில் கஜு இருந்தது, பட்டர் இருந்தது. அந்த வருட வரியில் அம்மம்மாவின் அளவுகள் அனைத்தும் குறையாமல் இருக்கின்றன. கடைசியில் ஒன்று மட்டும் கூடியிருக்கிறது: கச்சான் ஒரு பிடி. எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு என்று அன்று நான் கேட்டேன். “அதுவும் கிடக்கட்டும். இவ்வளவு காலம் எங்களைக் காப்பாத்தினது” என்றார். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு வரியிலும் அந்த ஒரு பிடி இருக்கிறது.

அம்மம்மா சொன்ன அளவுகள் எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் உண்டு. கீழே உள்ள வரிகளே அம்மாவுடையவை. இல்லாததை இல்லை என்றும், அதற்கு ஈடாக எதைச் சேர்த்தேன் என்றும் கணக்கு எழுதி, பண்டிகையைக் கைவிடாமல் கொண்டுவந்து எங்களிடம் ஒப்படைத்த ஒரு பெண்ணின் வரிகள் அவை.

கொப்பியின் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அழைத்தார். “95இல ஏன் ஒண்டும் எழுதேல்லை?” என்று கேட்டார். அந்த வகுப்பறையைப் பற்றி, அங்கே அம்மா சேலையை மறைப்பாகக் கட்டியதைப் பற்றி, நள்ளிரவுப் பூசைக்கு மழையில் நடந்துபோனதைப் பற்றி நான் அவருக்குச் சொன்னேன். அந்த மாதங்களில் எங்களுக்குள் கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பின்னர் பேச வாய்த்தபோது அம்மா இவற்றைச் சொன்னதும் இல்லை.

சென்ற நத்தாருக்கு ஸ்காபரோவில் அண்ணன் தானே கேக் செய்தார். அளவுகள் எதையும் கேட்கவில்லை. கச்சானை வறுத்துப் போடவேணுமோ, பச்சையாகவோ என்று மட்டும் கேட்டார். வறுத்து, தோலை ஊதிவிட்டு, ஒன்றிரண்டாக இடித்து என்று சொன்னேன்.