பக்காலின் படிக்கட்டு

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், மழைக்காடு போர்த்திய மலையடிவாரத்தில் இருக்கிறது மாயா மக்களின் பாலென்கே நகரம். அங்கே ஒன்பது அடுக்குப் பிரமிடின் உச்சியில் நிற்கும் கோயிலைக் 'கல்வெட்டுக் கோயில்' என்கிறார்கள். உள்ளே மூன்று பெரிய கற்பலகைகளில் 617 சித்திர எழுத்துகள்.

எல்லோரும் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, தொல்லியலாளர் ஆல்பர்ட்டோ ரூஸ் தரையைக் கவனித்தார். ஒரு தளக்கல்லில் வரிசையாகத் துளைகள்; துளைகளைக் கல்லால் அடைத்திருந்தார்கள். கோயில் சுவர்களும் தரையோடு நிற்காமல் கீழே இறங்கின. கல்லைப் பெயர்த்ததும் தெரிந்தது, இடிபாடுகளைக் கொட்டி அடைத்துவிட்ட ஒரு படிக்கட்டு. இடிபாடுகளைத் தோண்டி வெளியேற்றவே நான்கு பருவங்கள் ஆயின. அடியில் முக்கோண வடிவில் ஒரு கற்கதவு. அதன் முன்னே பலியிடப்பட்டவர்களின் எலும்புகள். 1952 ஜூன் 15 அன்று கதவு திறந்தது.

சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டி விழுதுகளாக உறைந்த அறை. அறையை அடைத்துக்கொண்டு ஒரு கற்பேழை. மூடி மட்டும் ஏறக்குறைய 3.8 மீட்டர் நீளம், 5 டன் எடை. மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, வண்டிகளுக்கு வைக்கும் ஜாக்கியால் அங்குலம் அங்குலமாக அதை உயர்த்தினார்கள். உள்ளே சாதிலிங்கச் சிவப்புக்கு நடுவே ஓர் எலும்புக்கூடு, ஜேட் கல் துண்டுகளை ஒட்டிச் செய்த முகமூடியோடு. கினிச் ஹனாப் பக்கால்: 615இல் பன்னிரண்டு வயதில் அரியணை ஏறி, 683இல் இறக்கும்வரை ஆண்ட மன்னர். அந்தப் பேழை இந்தப் படிக்கட்டு வழியே இறங்கியிருக்க முடியாது. முதலில் பேழையை வைத்து, அதைச் சுற்றித்தான் பிரமிடை எழுப்பினார்கள். வேலையை முடித்தவர் மகன் கான் பாலம்.

மூடியின் மேல் சாய்ந்தபடி செதுக்கப்பட்டிருக்கும் பக்காலை விண்கலம் ஓட்டுபவராக 1968இல் எழுத்தாளர் எரிக் வான் டேனிக்கன் எழுதினார். இன்றும் பலர் அதையே நம்புகிறார்கள். எனக்கு இது ஆற்றாமையைத் தருகிறது. பக்காலுக்குக் கீழே வாய் பிளந்திருப்பது பாதாளம், பின்னால் நிற்பது உலக மரம், அதன் உச்சியில் இருப்பது தெய்வப் பறவை. பேழையின் பக்கங்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முன்னோர்கள் ஒவ்வொருவரும் ஒரு பழமரத்தோடு மண்ணைப் பிளந்து முளைக்கிறார்கள். தாய் சக் குக்கோடு கோகோ மரம். இறந்தவர்கள் தோப்பாகத் துளிர்ப்பார்கள் என்று இவ்வளவு அழகாக நினைத்த சிற்பிகளின் கற்பனையைப் பறித்து, வேற்றுக்கிரகவாசிகளுக்குக் கொடுப்பானேன்?

என்னை மிகவும் உருக்கியது வேறொன்று. கல்லறையிலிருந்து படிக்கட்டின் ஓரமாகவே மேலே கோயில் வரை ஒரு கற்குழாய் வருகிறது. படிகளை இடிபாடு கொட்டி அடைத்தவர்கள் இந்தச் சிறு வழியை மட்டும் விட்டுவைத்தார்கள். புதைத்த பிறகும் அரசனோடு பேச்சு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

முகமூடியை 1985 கிறிஸ்துமஸ் இரவில் மெக்சிகோ நகரின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்திலிருந்து திருடிவிட்டார்கள், 1989இல் மீட்டார்கள். கல்லறையின் மாதிரியையும் அந்த அருங்காட்சியகத்தில் முழு அளவில் அமைத்திருக்கிறார்கள். பேழையும் மூடியும் மட்டும் பாலென்கேயை விட்டு நகரவில்லை, வெளியே எடுக்க வழியில்லை.